ஆறு கேள்விக்குறிகள்

ஆவூர் இன்னாசியைப் பேச்சில் வெல்ல ஆளில்லை. திருச்சியில் கம்பெனி வேலை. ஞாயிறானால் கீரனூர் டியூஷன் சென்டர் ஒன்றில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் வகுப்பு. முதல் வகுப்பிலேயே லேப்டாப்பின் யூசர் பெயரைத் தமிழில் வைக்கச் சொல்லிவிடுவார். "ஒங்க பேர ஒங்க எழுத்துல எழுத என்ன வெக்கம்?" என்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலிலேயே மனுஷனுக்கு ஒரு வாரம் ஓடும்.

குளத்தூர் கலைமதி அதை அப்படியே நம்பித் தன் பெயரைத் தமிழில் வைத்தவள். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதும் ஓப்பன் சோர்ஸ் ஃபிரேம்வொர்க் ஒன்றில் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். அதன் சோர்ஸ் கோடைத் தன் விண்டோஸ் லேப்டாப்பில் பில்ட் செய்து ஓடும் புரோகிராமாக்கி, அது ஓடுவதைப் படமெடுத்து அந்த ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்பினால்தான் இடம் கிடைக்கும்.

காலையிலிருந்து பில்ட் பாதியிலேயே நின்றது. அதே வேலை இன்னாசியின் லேப்டாப்பில் எல்லோர் கண்ணெதிரே ஓடி முடிந்திருந்தது. அந்தத் தெம்பில், "ஏதோ ஒரு ஸ்டெப்ப விட்டுட்ட. கவனம் எங்கிட்டு இருக்கு ஒனக்கு?" என்று வகுப்பே கேட்கக் கடிந்தார். பில்ட் செய்யும் கம்பைலர் முதற்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இறக்கச் சொன்னார். அவள் செல்போன் டேட்டாவில் அது இறங்கி முடிய மூன்று மணியானது. மறுபடியும் நின்றது.

"மன்னிச்சுக்கங்க சார், நான்தான் எங்கயோ தப்புப் பண்றேன்" என்றாள்.

ஐந்தரைக்குத்தான் அவர் பிழைச் செய்தியை முழுசாகப் படித்தார். விண்டோஸ் யூசர் பெயரிலேயே உண்டாக்கும் ஃபோல்டரின் பாதையில் அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு கேள்விக்குறிகள். தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாத ஏதோ ஒரு பழைய புரோகிராம் அங்கே முட்டிக்கொண்டு நின்றிருந்தது.

"இங்கிலீசுல புதுசா ஒரு யூசர் போடும்மா."

போட்டாள். பில்ட் நிற்காமல் ஓடியது. ஆனால் முடிய ஒரு மணி நேரமாவது வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு அடித்துவிட்டது. மற்ற பிள்ளைகள் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

"ஒங்க லேப்டாப்புல மட்டும் எப்புடி சார் ஓடுச்சு?" தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டாள்.

ஆபீஸில் சிரிப்பார்கள் என்று அவர் லேப்டாப்பில் தன் பெயரை ஒருநாளும் தமிழில் வைத்ததில்லை.

"என்னோடது இங்கிலீசுலதாம்மா இருக்கு" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "சரிங்க சார்" என்று லேப்டாப்பை மடித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. காலையில் வகுப்பே கேட்கக் கடிந்த மனுஷன், மன்னிப்பை மட்டும் அவள் ஒருத்தி காதுக்கு எட்டும்படி முனகினார்.