பீரங்கிக் குண்டு பட்ட பலகை

போன ஞாயிறு மகளோடு கடற்கரைப் பக்கத்துத் தெருவில் ஒரு காபிக் கடைக்குப் போனேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்: மஞ்சள் சுவர், ஒரு மீனைக்கூடப் பார்த்திராத வலை, இரண்டு மடக்கில் தீர்ந்துபோகும் காபி. மறுநாள் பள்ளியில் அவள் நம் ஊர்க் கரையில் உடைந்த கப்பல்களைப் பற்றிப் பேச வேண்டும். நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று வழியெல்லாம் யோசனை.

பக்கத்து மேசைக்கு வெங்காய சூப் வந்தது. அந்த வாடைக்கு நிமிர்ந்த நான், எதிர்ச்சுவரில் எங்கள் வீட்டுப் பலகை மாட்டியிருப்பதைப் பார்த்தேன்.

"பிரெஞ்சுக் கப்பல் உடைஞ்சதுல கெடச்சது பாப்பா. கருப்பா இருக்குல்ல, அது பீரங்கிக் குண்டு பட்ட எடம்," என்றார் காபி கொண்டுவந்தவர்.

அந்தக் கருப்புத் தடம் ஒரு பக்கம் கூர், மறுபக்கம் தட்டை. இப்படியொரு குண்டை எந்த ராஜா வார்த்தாரோ! அது என் அம்மாவின் இஸ்திரிப் பெட்டி சுட்ட தடம். கரண்ட் போனதும் பலகைமேல் பெட்டியை அப்படியே விட்டு எதிர்வீட்டுக்குக் கதை பேசப் போனாள். அவளுக்கு முன்னால் கரண்ட் திரும்பிவிட்டது.

கப்பலும் பிரெஞ்சு இல்லை, தூத்துக்குடித் தோணி. நான் சின்ன வகுப்பில் இருந்தபோது புயலில் வைத்திக்குப்பம் கரையில் உடைந்தது. ஏற்றி வந்தது வெங்காயம். மணலெல்லாம் அழுகிய நாற்றம். பீரங்கி இருந்தால்தான் இந்த ஊரில் சரித்திரம். வெங்காயத்துக்கு யார் சுவர் கொடுப்பார்கள்?

ஒதுங்கிய பலகைமேல் முதலில் துண்டு போடுகிறவருக்கே அது சொந்தம். அப்பா குமாஸ்தா, துண்டு ஏது? குடையை வைத்தார். மீன்காரப் பெண்கள் சிரித்தார்கள்.

"இன்னா சார், பலகை நனைஞ்சிடும்னு குடை புடிக்கிறியா? மேல போட்டுக்கினு இருக்கறத கழட்டிப் போடு!"

அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டார். பிறகு பனியனோடு, பலகையை சைக்கிளில் கட்டி, சாரத்தில் இருந்த எங்கள் வீடு வரை தள்ளிவந்தார். யாரோ எவரோ என்று நான் தள்ளி நடந்தேன். பின்னாளில் வீட்டை இடித்தபோது கதவு ஜன்னலோடு பலகையும் பழைய மரக்கடைக்குப் போனது.

எல்லாவற்றையும் மகளிடம் சொன்னேன்.

"அப்போ அந்த அங்கிள் பொய் சொல்றாராம்மா?" என்று சத்தமாகக் கேட்டாள். அவர் திரும்பினார். நான் பில் கேட்டேன். படித்தவள், வேறென்ன செய்வேன்?

இடத்தைக் காட்டினால் நம்புவாள் என்று வைத்திக்குப்பம் கூட்டிப்போனேன். கடல் மேலும் அரிக்காமல் இருக்கக் குவித்துக் கொட்டிய கருங்கல்லில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

"பலகை எங்கம்மா வந்துச்சு?"

"மணல்ல."

"மணல் எங்க?"

கல்லுக்கு அப்பால் தண்ணீரைக் காட்டினேன். வலை காய்ந்த இடம், நாங்கள் ஓடிய இடம், அப்பா சட்டையைக் கழற்றிப் போட்ட இடம், எல்லாம் அதற்குள்தான். அவள் தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு பீரங்கின்னே சொல்லிடறேம்மா."

அவளை என்ன சொல்ல? கடைக்காரரிடம் காட்டுவதற்குப் பலகையாவது இருக்கிறது. என்னிடம் மணல்கூட இல்லை.