நூற்றுப் பன்னிரண்டாம் பாட்டு

எங்கள் கல்லூரி நூலக வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்ற செலினா அக்காவை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன். நான் அங்கே கூட்டித் துடைத்து, புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்குகிற வேலை பார்க்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். யாரிடமும் நானாகப் பேச மாட்டேன். அவரும் அப்படித்தான் போலிருந்தது.

"செருப்போடயே வாங்கக்கா" என்றேன் கடைசியில்.

அவர் கையில் கல்லூரி முதல்வர் கொடுத்த அனுமதிக் கடிதம் இருந்தது. சனிக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்து படிக்கலாம், எதையும் வெளியே எடுத்துப் போகக் கூடாது. அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு, பால்கோவா கடையில் பெட்டி கட்டும் வேலை. சனிக்கிழமை அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு பஸ் ஏறி ராஜபாளையம் வந்திருக்கிறார்.

என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஒரு துண்டுத் தாளில் 112 என்று எழுதி நீட்டினார். நான் உள்ளே போய் நூற்றுப் பன்னிரண்டு என்று ஒட்டியிருந்த புத்தகத்தைத் தேடிக் கொண்டுவந்தேன். தென்னை வளர்ப்பு.

அதைப் பார்த்துவிட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏட்டி, இது பாட்டு நம்பருட்டி! எங்க கோயில்ல பாட்டுக்குப் பேரே கிடையாது. நம்பர்தான். பாஸ்டர் ஐயா நூத்திப் பன்னெண்டுன்னு சொன்னா அம்புட்டுப் பேரும் பொரட்டிருவோம்."

அதன்பிறகு எங்களுக்குள் பேச்சு வந்தது.

அவருடைய அப்பா சின்னத்துரை, வன்னியம்பட்டியில் வாத்தியாராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்மோனியம் வாசித்து சர்ச்சில் கொயர் நடத்தினார். பாட்டுகளுக்கு மெட்டும் போடுவாராம். அக்காவுக்கு ஆறு வயதாகும்போது இறந்துபோனார். அவருடைய முகம் ஒரு போட்டோவில் இருக்கிறது. குரல் எதிலும் இல்லை. அம்மா அவரைப் பற்றிப் பேசியதே இல்லை. அம்மாவும் போன பிறகு டிரங்குப் பெட்டியில் ஒரு சின்ன நோட்டு கிடைத்தது. அதில் ஓரிடத்தில், "112 – என் மெட்டு. சபை முழுதும் பாடியது" என்று எழுதியிருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருசமும் அப்பாவின் நினைவு நாள் ஜெபத்தில் அக்கா நூற்றுப் பன்னிரண்டு பாடுவார். அது அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைப் பாட்டு. கைதட்டிப் பாடுவது. அக்காவின் கணவர் ஜோ, "செத்த மனுசனுக்கு அறுப்புப் பாட்டு பாடுற குடும்பம் ஊருக்குள்ள நம்ம ஒண்ணுதான்" என்று கேலி பண்ணுவாராம்.

"பண்ணிட்டுப் போகட்டும்" என்றார் அக்கா. "அந்த மெட்டு எப்படித் துள்ளுது தெரியுமா? எங்கப்பா சிரிச்சுக்கிட்டேதான் இருந்திருப்பாக. நடக்கையிலகூடத் தாளம் போட்டுக்கிட்டு நடந்திருப்பாக."

இப்போது அவருடைய சபைக்கு நூற்றாண்டு விழா. விழா மலர் ஒன்று அச்சிடுகிறார்கள். கீபோர்டு வாசிக்கிற பெனின்தான் மலர் வேலையையும் பார்க்கிறான். அப்பாவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறான். விழா அன்று அப்பாவின் பேரைச் சொல்லி அந்தப் பாட்டைப் பாடவும் ஏற்பாடு. ஆனால் மெட்டு அவருடையது என்பதற்கு நோட்டு மட்டும் போதாது, அச்சில் ஏதாவது வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அதைத் தேடித்தான் அக்கா வந்தார்.

எங்கள் நூலகத்தின் பின் அறையில், இறந்துபோன ஒரு பேராசிரியரின் வீட்டார் கொடுத்த புத்தகங்கள் இரண்டு பீரோ நிறைய உண்டு. பழைய சபைப் பத்திரிகைகள், பாட்டுப் புத்தகங்கள். அவை எந்தப் பதிவிலும் ஏறவில்லை. எங்கே என்ன இருக்கிறது என்பது தூசி தட்டுகிற எனக்குத்தான் தெரியும். நான் எடுத்துக் கொடுப்பேன், அவர் வரிவரியாக விரல் வைத்துப் படிப்பார். மூன்றாவது சனிக்கிழமை ஒரு பத்திரிகையில், "வன்னியம்பட்டி கொயர், சின்னத்துரை வாத்தியார் தலைமையில் இனிமையாகப் பாடியது" என்று ஒரு வரி கிடைத்தது. அன்று அதற்கு மேல் அவர் எதையும் புரட்டவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அந்த வரியின் மேலேயே விரல் இருந்தது.

ஐந்தாவது சனிக்கிழமை, அடித்தட்டில் அட்டை கிழிந்த ஒரு பாட்டுப் புத்தகம் அகப்பட்டது. அறுபத்தெட்டாம் வருசத்துப் பதிப்பு. அக்கா ஆசையாக வாங்கி நூற்றுப் பன்னிரண்டைப் புரட்டினார். பிறகு முந்தின பக்கம் பார்த்தார். அடுத்த பக்கம் பார்த்தார். தன் பைக்குள்ளிருந்து இப்போதைய புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது வேற பாட்டுட்டி" என்றார்.

அறுப்பின் பாட்டு அந்தப் பழைய புத்தகத்தில் எண்பத்தேழாவதாக இருந்தது. மெட்டு என்று வேறு யாரோ ஒருவர் பேர் கீழே போட்டிருந்தது. அக்காவின் அப்பா இறந்து மூன்று வருசம் கழித்துத்தான் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. பாட்டுகளின் வரிசை எண்கள் மாற்றப்பட்டுள்ளன என்று அதன் முன்னுரையிலேயே இருக்கிறது. முன்னுரையை யார் படிக்கிறார்கள்? அப்பா எழுதி வைத்த 112 இந்தப் பழைய 112தான்.

அது ஒரு காத்திருக்கிற பாட்டு. "கதவோரம் நிற்கின்றேன், விளக்கேற்ற ஆளில்லை" என்று ஆரம்பித்தது. மேலே ஆனந்தபைரவி, ஆதி தாளம் என்று இருந்தது. அவ்வளவுதான், ஸ்வரம் எதுவும் இல்லை. புதுப் புத்தகத்தில் அந்தப் பாட்டே கிடையாது. அக்காவுக்கு அதைக் கேட்ட ஞாபகமே இல்லை. பாடுகிற யாரையும் அவருக்குத் தெரியாது.

நான் ஏற்கெனவே துடைத்த பக்கத்தை அவர் சேலைத் தலைப்பால் திரும்பத் துடைத்தார்.

"சிரிச்சுக்கிட்டே இருந்திருப்பாகன்னு எம்பிள்ளைககிட்டயெல்லாம் சொன்னேனே" என்றார்.

வராந்தாவுக்குப் போய்ப் பெனினுக்குப் போன் போட்டார். அவன் பேசுவது எனக்கும் கேட்டது.

"அதுக்கென்ன அத்தை? ராகந்தான் போட்டிருக்குல்லா. நான் ஒரு மெட்டு போட்டுருதேன். மலருக்கும் ஆச்சு, விழாவுக்கும் ஆச்சு."

"அது உன் மெட்டாயிருமேய்யா."

"யாருக்கு அத்தை தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்லா."

"திங்கக்கெழமை அச்சுக்குப் போகுது. பொறவு என்னைய ஏசக் கூடாது."

"ஏசல. அந்த எடத்துல வேற ஏதாவது போட்டுக்கோ."

வந்து உட்கார்ந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம். கிளம்பவில்லை. புத்தகத்தை மூடவும் இல்லை. விரல்கள் மேசையில் எட்டு எட்டாக ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தன, சத்தம் வராமல். அமைதி காக்கவும் என்று அவருக்கு எதிரே எழுதி மாட்டியிருக்கிறது.

நூலகர் சிவபாண்டி சார் சாப்பிடப் போயிருந்தார். பிள்ளைகளும் யாரும் இல்லை. நான் கதவைச் சாத்தினேன்.

"யாரும் இல்லக்கா. பாடிப் பாருங்க."

கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பார்த்தால் கூச்சப்படுவார் என்று திரும்பி நின்று பீரோவைத் துடைத்தேன். அப்புறம் மெல்லிய குரலில் முதல் அடியைப் பாடினார். பாதியில் நிறுத்தினார்.

"இது இல்ல."

வேறு மாதிரி இழுத்துப் பாடினார். இந்த முறை இன்னும் சீக்கிரம் நின்றுவிட்டது.

"இதுவும் இல்லட்டி."

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இல்லன்னு எப்படிக்கா தெரியுது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் அது தோன்றியது போல.

"தெரியலயே" என்றார். "ஆனா இது இல்ல."

மறுபடி முதல் அடியிலிருந்து தொடங்கினார். நான் துடைப்பதை நிறுத்திவிட்டேன்.