அம்மன் அவிழ்த்துக் கொடுத்த கன்வாஸ்

போன சித்திரையில் அடித்த காற்றில் எங்கள் வீட்டுக் கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு போனது. போனதும் போனது, என் வீட்டுக்காரர் படுத்திருக்கிற அறைக்கு மேலேயே போனது. பக்கவாதம் வந்து கை கால் விழுந்த மனுஷர். எழுந்து நகரக்கூட முடியாது. மல்லாந்து படுத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் அழுதேன்.

எங்களுடையது ஈப்போவுக்கு வெளியே பழைய ரப்பர் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயன் வீடு. இப்போது சுற்றிலும் எண்ணெய்க்குப் போட்ட செம்பனை. கூரையைச் சரிசெய்து தரச் சொல்லி யாரிடம் போய் நிற்பது? தெலுக் இந்தானில் இருக்கிற என் தம்பிதான் நல்ல தடித்த கன்வாஸ் தார்ப்பாய் வாங்கி வந்தான். முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறக்கி, தூண்களில் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினான். காற்று தூக்காமல் இருக்க மேலே பழைய டயர்களை வைத்தான். அன்றைக்குப் பெய்த மழையில் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். மாரியம்மன் திருவிழா வந்தால் பந்தலுக்கு வேண்டியதை வீடு வீடாக எடுப்பார்கள். சாமிக்கு என்று சொல்லிவிட்டால் யாரும் வாய் திறக்கமாட்டோம். கோயில் தலைவர் குணாளனுக்கு அது ரொம்ப வசதி.

ஒருநாள் வேலை முடிந்து வருகிறேன். கூரையில் கன்வாஸ் இல்லை. டயர்கள் வாசலில் கிடக்கின்றன. உள்ளே என் வீட்டுக்காரர் வாய் கோணி, மேலே கண்ணைக் காட்டிக் காட்டி அழுகிறார். நான் கையில் இருந்த சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கீழே வைப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கட்டிலை இழுக்க எனக்கு பலம் போதவில்லை. அவர் தலைக்கு மேல் குடையைப் பிடித்தபடி நின்றேன். கால் நனைந்தது, மெத்தை நனைந்தது.

மழை விட்டதும் கோயிலுக்கு ஓடினேன். என் கன்வாஸ் பந்தலில் கம்பீரமாக நிற்கிறது. குணாளன் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"அண்ணே, நோயாளி நனையுறாருண்ணே!"

"என்னக்கா நீங்க, சாமி நனையலாமா? திருவிழா முடியட்டும். அதுவரைக்கும் ஒரு சட்டி வெச்சா போதும்லா."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நேராக அம்மன் முன்னால் போய் நின்றேன். கையைக் கூப்பவில்லை. "நீ நனையாம இருக்க என் புருஷன் நனையணுமா? எனக்கு ரெண்டு வேணும். என் கூரை வேணும். அந்த ஆளு விழணும்" என்று சத்தமாகவே சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

திருவிழா அன்று கரகம் பந்தலுக்குள் வந்தது. மேளம் அடித்த அடியில் குணாளனின் மனைவி பரமேஸுக்கு அருள் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. தலையை விரித்துப் போட்டு ஆடிக்கொண்டே புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு எதுக்குடா அடுத்தவ வீட்டுக் கூரை? படுத்துக் கெடக்குறவன் நனையுறான், எனக்கு நெழலா? அவுருடா! ஒன் கையாலயே போய்க் கட்டுடா!"

பரமேஸுக்கு அவர்மேல் ஏற்கெனவே கோபம் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். அம்மா யார் வாயால் கேட்டால் என்ன, கேட்டாளே!

கையில் காப்புக் கட்டியிருக்கிறவர் அருள்வாக்கை மீற முடியுமா? மொத்த ஜனமும் பார்க்க, தலைவர் மஞ்சள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலில் ஏறி அவிழ்த்தார். அப்புறம் என் கூரையில் ஏறினார். நான் கீழே கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, அந்த முடிச்சு லூசா இருக்கு. அவுத்துக் கட்டுங்க" என்றேன். கட்டினார். மறுபடியும் அவிழ்க்கச் சொன்னேன். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷம் நான் பட்டதில்லை.

தூறல் விழுந்தது. ஈரத் தகரத்தில் குணாளனின் கால் வழுக்கியது. சரசரவென்று சரிந்து வந்தவர் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். அவர் பாரம் முழுக்க என் கையில். "அக்கா, விட்டுறாதீங்கக்கா!" என்று கத்தினார். கேட்டதை அம்மா என் கைக்குள்ளேயே கொடுத்துவிட்டாள். விரலைத் தளர்த்தினால் போதும்.

நான் விடவில்லை. கயிற்றைத் தூணில் சுற்றி, உள்ளங்கைத் தோல் உரிய இழுத்துப் பிடித்தேன். அவர் மெல்ல மேலே ஏறினார். மனசு இரங்கிவிட்டது என்று எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். இரக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. முகட்டில் இன்னும் டயர் வைக்கவில்லையே!

டயரையும் வைத்துவிட்டுத்தான் இறங்கினார். அன்று மழை கொட்டியது. திறந்த பந்தலில் அம்மன் நனைந்தாள். என் வீட்டுக்காரர் காய்ந்த மெத்தையில் தூங்கினார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

இப்போது கோயில்காரர்கள் எந்த வீட்டுப் பொருளையும் கேட்காமல் எடுப்பதில்லை. என்னைக் கண்டால் குணாளன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார். முன்பெல்லாம் பயந்து பயந்து கும்பிட்ட நான், இப்போது வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு அம்மாவிடம் மனம்விட்டுப் பேசிவிட்டு வருகிறேன்.

உங்களுக்கும் ஒரு குறை இருந்தால் அவளிடம் போங்கள். அழகாகக் கேட்கத் தெரியாவிட்டால் கோபமாகக் கேளுங்கள். அவள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

நான் கேட்டதில் ஒன்று கிடைத்துவிட்டது. இன்னொன்றை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது அம்மாவிடமே இருக்கட்டும்.