ஈசானிய மூலையில் எர்த்து

எங்கள் வீட்டில் அதுவரை மிக்சர் என்றால் தின்கிற மிக்சர்தான். தங்கையின் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் பட்டணத்திலிருந்து வந்து, மிக்சர் வாங்கி வந்திருக்கிறேன் என்று சொன்னபோது அம்மா தட்டு எடுக்கப் போய்விட்டாள். பையிலிருந்து நான் எடுத்ததோ ஒரு தகரப் பெட்டி. இரண்டு மைக்கை அதில் செருகி ஒரே ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோகலாம். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. விழுப்புரத்தில் மைக் செட் வைத்திருந்தேன். கல்யாணமோ, கட்சிக் கூட்டமோ, கோயிலில் கூழ் ஊற்றுவதோ, என் ஸ்பீக்கர் குழாய்தான் கத்தும். கூட்டங்களில் பேச்சைக் கேட்டுக் கேட்டு நானும் சுயமரியாதைக்காரன் ஆகியிருந்தேன். அப்பா இல்லாத வீடு, நான் வைத்ததுதான் சட்டம். தங்கைக்கு ஐயர் இல்லாத கல்யாணம் என்று முடிவு செய்தேன். திண்டிவனத்து மாப்பிள்ளையும் அதே கொள்கைக்காரர். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு மைக் முன்னால் சமமாக நின்று உறுதிமொழி சொல்ல வேண்டும். அதற்காகத்தான் மிக்சர்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், பந்தக்கால் மட்டும் நட்டுக்கொள்ளட்டுமா என்று. பந்தலின் வடகிழக்கில், ஈசானிய மூலையில் ஒரு கம்பு நட்டு, மஞ்சள் துணி கட்டி, தண்ணீர் ஊற்றினால்தான் அவளுக்குக் கல்யாணம். ஒரு கம்பும் நடக் கூடாது என்று கத்தினேன். என் குரலுக்கு ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

காணையில் இருந்த தாய்மாமன்தான் பெரிய தலைவலி. அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். பத்திரிகையைப் பார்த்த நாளிலிருந்து முறுக்கிக்கொண்டு நின்றார். அண்ணன்காரன் தன் கொள்கைக்காகப் பெண்ணை மிரட்டி உட்கார வைக்கிறான் என்று ஊரெல்லாம் சொன்னார். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். அன்று காலை திண்டிவனத்துக்கு வந்தார், ஆனால் மேடைப் பக்கம் வரவில்லை. ரோட்டோரக் கடைசி பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா போய்க் கூப்பிட்டாள். கூடவே நானும் நின்றேன்.

"உம் பொண்ணு தன் வாயால சம்மதம்னு சொல்றது இங்க என் காதுல உழணும். உழலன்னா அடுத்த பஸ்ஸுல போய்க்கினே இருப்பேன். அப்புறம் உனக்கு அண்ணன் இல்ல."

தங்கை பேசினால் பக்கத்து அறைக்கே கேட்காது. எனக்குப் பயமில்லை, என் மைக் இருக்கிறதே. காலை ஆறு மணிக்கே எல்லாவற்றையும் போட்டுப் பார்த்திருந்தேன். குழாயில் ஒரு கரகரப்புக்கூட இல்லை.

பத்து மணிக்குக் கல்யாணம். ஒன்பதே முக்காலுக்கு மைக்கைத் திறந்தால் குழாயிலிருந்து ம்ம்ம் என்று ஓர் உறுமல். மாப்பிள்ளை மைக்கின் முன்னால் வணக்கம் சொன்னார், அது உறுமலுக்குள் மூழ்கிப் போனது. மாப்பிள்ளை குரலுக்கே அந்தக் கதி என்றால் என் தங்கையின் குரல் என்ன ஆகும்? முன் வரிசையில் யாரோ அபசகுனம் என்றார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. திரும்பிக் கத்த நேரமில்லை.

மைக் இரண்டையும் உருவினேன். உறுமல் போகவில்லை. மிக்சரை விலக்கிவிட்டு ஒரு மைக்கை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகினேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. கரண்டு ஒயர் மேல் கிடந்த மைக் ஒயரைப் பிரித்துத் தள்ளிப் போட்டேன். ஒயரையே மாற்றினேன். பேட்டரியில் ஓட்டலாம் என்றால், அது விழுப்புரத்தில் சார்ஜுக்குக் கிடந்தது. தலைமை தாங்க வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். மைக்கே இல்லாமல் நடத்திவிடலாமே என்றார். கடைசி பெஞ்சைப் பார்த்தேன். மாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மிக்சரைத் திரும்ப மாட்டி, ஆத்திரத்தில் அதன் தகரத்தை வேர்த்த கையால் அழுத்தினேன். உறுமல் பாதியானது. கையை எடுத்தேன், பழையபடி உறுமியது. மறுபடி வைத்தேன், குறைந்தது. அந்த உறுமல் என் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகிறது என்றால், அது போக வேண்டிய வழி எங்கேயோ அடைத்திருக்கிறது. எர்த்து!

ஈர மண்ணில் இரும்புக் கம்பி ஒன்றை அடித்து, அதிலிருந்து பெட்டிக்கு ஒயர் இழுப்பதைத்தான் எர்த்து என்போம். விடிந்ததும் பந்தலுக்குப் பின்னால், சாக்கடை ஓரத்து ஈரத்தில் நானே அடித்து உப்புத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். நான் செய்தது தப்பாகாது என்ற திமிரில் அதை மட்டும் பார்க்காமல் விட்டிருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் சாக்கடை ஓரத்தில் ஒரு குழிதான் இருந்தது.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது மேடைக்கு அடியில் புகுந்து, வடகிழக்கு மூலைக்குப் போயிருந்தது. அங்கே காய்ந்த செம்மண்ணில் என் கம்பி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து நின்றது. யாரோ ஒயரை அவிழ்த்து, கம்பியில் மஞ்சள் துணியைக் கட்டி, அதன்மேல் பூச்சரம் சுற்றுவதுபோல ஒயரைச் சுற்றியிருந்தார்கள். இரும்புக்கும் ஒயருக்கும் நடுவில் காய்ந்த துணி. எப்படிப் பேசும்?

துணியைப் பிய்க்கக் கை வைத்தேன். பின்னாலிருந்து அம்மா என் கையைப் பிடித்தாள்.

"அவுக்காதடா. நீதான நட்ட? காலையில தண்ணி ஊத்திக்கினு நின்னத பாத்தேன். மனசு மாறிட்ட, சொல்லத்தான் வெக்கப்படறன்னு நெனச்சேன். சாக்கடை ஓரமா யாராவது நடுவாங்களா? அதான் மாத்தி நட்டேன்."

வாயில் வந்ததை விழுங்கினேன். அவள் என் கையை விடவில்லை. உறுதிமொழிக்கு முன்னால் அந்தத் துணியை நான் பிய்த்தால், ஆயுசுக்கும் அவள் மனசு ஆறாது. ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. மாமா எழுந்து நின்றுவிட்டார்.

துணி உப்புத் தண்ணீரில் நனைந்தால் போதுமே, கரண்டு அதன் வழியாகவே மண்ணுக்குப் போய்விடும் என்று அப்போதுதான் உறைத்தது. "உப்பு கரச்சி ஒரு கொடம் தண்ணி கொண்டாம்மா. ஜல்தி," என்றேன்.

பந்தியில் பரிமாற வைத்திருந்த உப்பை அள்ளிப் போட்டுக் குடத்தோடு வந்தாள். ஊற்று என்றேன். அத்தனை சனத்துக்கும் முன்னால், ஐயர் வேண்டாம் சடங்கு வேண்டாம் என்று அச்சடித்துக் கொடுத்தவன் நான் பக்கத்தில் நிற்க, அம்மா அந்தக் கம்பிக்குத் தண்ணீர் ஊற்றினாள், ஓடிப்போய் இன்னொரு குடமும் கரைத்து வந்து ஊற்றினாள். துணி நனைந்து, ஒயர் நனைந்து, மண் குழைந்தது. இரண்டாவது குடத்தில் குழாய் கப்பென்று அடங்கியது. பந்தலும் அடங்கியது.

மேடைக்கு ஓடினேன். தங்கையின் கையில் உறுதிமொழித் தாள் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. மைக்குக்கு அருகில் வாயைக் கொண்டுபோனாள்.

"மாமா, கேக்குதா?"

பஸ் பக்கம் திரும்பியிருந்தவர் நின்றார். அந்தக் குரல் ரோட்டைத் தாண்டி எதிர் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

"என்ன யாரும் மெரட்டல மாமா. எனக்கு முழு சம்மதம்."

அவர் பையைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டு முன்னால் நடந்து வந்தார். ஈசானிய மூலையில் நின்று, சொட்டிக்கொண்டிருந்த கம்பியைப் பார்த்தார். "பந்தக்கால் இல்லன்னு சொன்னாங்களேடா," என்று என்னிடம் கேட்டார்.

அது எர்த்து மாமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். மாமா கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேடை ஏறினார்.

சாயங்காலம் பெட்டியையும் குழாயையும் கட்டினேன். பந்தக்காலை மூன்றாம் நாள்தான் எடுப்பார்கள். ஒயரை மட்டும் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு, கம்பியை விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் வளவனூர் கூட்டத்துக்குப் புதுக் கம்பி வாங்கினேன்.