புருல்கான் தேய்த்த மீட்டர் மூடி

ஓஷ் நகரச் சந்தையில், பழைய கார்களின் ஸ்பீடு, பெட்ரோல் மீட்டர்களுக்கு மேலிருக்கும் மங்கிப்போன பிளாஸ்டிக் மூடியைப் பற்பசையும் பஞ்சுமாகத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவதில் புருல்கானை மிஞ்ச ஆளில்லை. மலைப்பாதையில் டாக்சி ஓட்டும் மெலிஸ் ஒருநாள் அவளிடம் வந்தான்.

"அக்கா, பெட்ரோல் முள்ளு தெரிஞ்சா போதும். ஸ்பீடு பக்கம் மங்கலாவே விட்டுடுங்க."

"ஏன்டா?"

"முன்சீட்டுல எப்பவும் ஏதாவது பெரியம்மாதான் உக்காருவாங்க. முள்ளு நூறைத் தொடுறதைப் பாத்தா கத்துவாங்களே!"

"அரைகுறை வேலையெல்லாம் எங்கிட்ட நடக்காது" என்று சீறிவிட்டு, ஒரு கீறல்கூட மிஞ்சாமல் முழுவதையும் தேய்த்துக் கொடுத்தாள்.

இப்போது பெரியம்மாக்கள் முள்ளை உரக்கப் படித்துக்கொண்டே வருகிறார்கள். மெலிஸ் அறுபதைத் தாண்டுவதில்லை. என் அம்மாவை அவன் வண்டியில்தான் ஏற்றிவிடுகிறேன், மூக்குக்கண்ணாடியோடு.