காய் விட்ட பிள்ளைக்கு ஒரு கதை

கழுதைக்குட்டியின் குடையை ஆட்டுக்குட்டி கிழித்துவிடுகிறது. கழுதைக்குட்டிக்குக் கோபம் வருகிறது. வயிறு பலூன் மாதிரி ஊதி, கால்கள் தரையை விட்டுக் கிளம்பி, தென்னை மர உயரத்துக்குப் போய் அந்தரத்தில் ஆடுகிறது. கீழே நிற்கிற மிருகங்கள் எல்லாம் “மூச்சை விடு, மூச்சை விடு” என்று கத்துகின்றன. அது மூச்சை விட விட, காற்று இறங்கித் தரைக்கு வந்து ஆட்டுக்குட்டியைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. கடைசிப் பக்கத்தில் இரண்டும் சிரித்துக்கொண்டே மழையில் நனைகின்றன. படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் புத்தகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் பத்தாவதோடு நின்றவள். ஊர் சீவலப்பேரிக்குப் பக்கம். வீட்டில் ஒரு தையல் மெஷின். சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சத்தமாகக் கதை வாசிக்கிற வேலை. திருநெல்வேலியில் இருக்கிற ஒரு தொண்டு நிறுவனம் அந்த வேலையைக் கொடுத்தது. பேச்சு என்றால் எனக்குச் சோறு வேண்டாம். பஸ்ஸில் யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இறங்கும்வரை அதையே வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருப்பேன். அப்படிப்பட்டவளுக்குக் கையில் படப் புத்தகத்தைக் கொடுத்துப் பிள்ளைகள் நடுவே உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆடிக்கொண்டே போனேன்.

பாளையங்கோட்டையில் பயிற்சி நடந்தது. வெறுமனே வாசிக்கக் கூடாது, கதையின் வழியாகப் பிள்ளைகளுக்குச் சமூக, மனவெழுச்சித் திறன்களைச் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு கேள்வித்தாள் உண்டு. கூடவே நாலு முகம் போட்ட ஓர் அட்டை: மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம். கதை முடிந்ததும் பிள்ளை தன் முகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

ஆரம்பத்தில் எனக்கு அது ரொம்பப் பிடித்துத்தான் இருந்தது. அட்டையை விடப் பிள்ளைகளின் பதில்கள் பிடித்தன. கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒருத்தி, “பல்லுக்குள்ள எறும்பு ஓடும்க்கா” என்பாள். இன்னொருத்தி, “எங்கம்மைக்குக் கோவம் வந்தா சட்டிபானைதான் பேசும்” என்பாள். ஒரு பையன் சொன்னதை என்னால் மறக்கவே முடியாது. “எனக்குக் காது சூடாவும்க்கா. எங்கய்யாவுக்குக் கை சூடாவும்.” இதையெல்லாம் சொல்ல அட்டையில் எங்கே இடம்? கோபம் என்று ஒரு சிவப்பு முகம். தொட்டால் முடிந்தது.

கூடம் இருப்பது வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், எங்கள் தெருவை ஒட்டி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு தெரு. பள்ளிக்கூடத்துப் பையன்கள் மணிக்கட்டில் கட்டுகிற கயிற்றின் நிறத்தை வைத்தே எவன் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். சாதிதான், வேறென்ன. குடிக்கிற தண்ணீர் மட்டும் ஒரே தாமிரபரணித் தண்ணீர், ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்து இரண்டு தெருவுக்கும் வருகிறது. கதை கேட்க இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். அதுவே பெரிய காரியம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பவுசு.

அதில் இரண்டு பெண்பிள்ளைகள் ரொம்பச் சேக்காளிகள். ஐந்தாம் வகுப்பு. ஒருத்தி அந்தப் பக்கத்துப் பிள்ளை. இன்னொருத்தி என் மைனியின் மகள், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா மகள். எனக்குப் பக்கத்தில் உட்காரும் இடத்துக்கு இரண்டு பேரும் ஒரே துண்டைப் போட்டு வைப்பார்கள்.

அன்றைக்குக் கதைக்கு முன்னால் எல்லாரும் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கட்டையில் மைனி மகளின் தண்ணீர் பாட்டில். அவர்கள் வீட்டில் பிரிட்ஜ் உண்டு. பாட்டில் வேர்த்து வடிந்துகொண்டிருந்தது. மற்றவள், “ஏட்டி, கொஞ்சம் குடிச்சுக்கிடட்டா?” என்று கேட்டாள். “குடிட்டி” என்று இவள் ஓடிக்கொண்டே சொன்னாள். அவள் அண்ணாந்துதான் குடித்தாள். வாயில் படவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் சத்தம் போட்டான்: “ஏட்டி, உன் பாட்டில்ல யாரு குடிக்கான்னு பாரு! உங்கம்மைகிட்டச் சொல்லுதேன்!”

ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். வந்தாள், பாட்டிலை வாங்கினாள், மிச்சத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தாள். அதோடு விடவில்லை. குழாயடிக்குப் போய், ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டு, பாட்டிலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

மற்றவள் அழவில்லை. சுண்டுவிரலை நீட்டிக் காட்டினாள். காய்.

எங்கள் பிள்ளைகளிடம் இதற்குச் சட்டமே உண்டு. சுண்டுவிரல் காய், பேச்சு முறிந்தது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துக் காட்டினால் பழம், மறுபடி சேக்காளி. காய் விட்டவளிடம் நேரே பேசக் கூடாது. நடுவில் ஒருத்தியை வைத்து “அவகிட்டச் சொல்லுட்டி” என்றுதான் பேச வேண்டும். தப்புச் செய்தவள்தான் பழம் கேட்க வேண்டும். கொடுப்பதும் கொடுக்காததும் மற்றவள் இஷ்டம். அந்த இஷ்டத்தில் மட்டும் யாரும் கை வைக்க முடியாது.

கை வைத்தார்கள். எங்கள் வகுப்புகளைப் பார்க்க வருகிற மேடம் அன்றைக்கு வந்திருந்தாள். சொந்த ஊர் பாளையங்கோட்டை, படிப்பு சென்னையில். கெட்ட பிள்ளை இல்லை; பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்காமல் வரவே மாட்டாள். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். முகம் வாடும் என்று நினைத்தேன். மலர்ந்தது.

“இதுக்குன்னே நம்மகிட்ட ஒரு புக் இருக்குக்கா! இன்னைக்கு நானே வாசிக்கிறேன்” என்றாள்.

அப்படித்தான் கழுதைக்குட்டி அன்றைக்கு எங்கள் கூடத்துக்கு வந்தது. நன்றாகத்தான் வாசித்தாள். முடித்ததும் அட்டையை எடுத்து, தண்ணீர் குடித்தவளிடம் நீட்டினாள். “இப்ப உனக்கு எப்படி இருக்கு? தொட்டுக் காட்டு பாப்போம்.”

பிள்ளை அட்டையையே பார்த்தாள். எதையும் தொடவில்லை. எதைத் தொடுவாள்? அவமானத்துக்கு அதில் முகமே இல்லையே.

“பரவாயில்ல, கோவம்னே வச்சுக்குவோம். கழுதைக்குட்டி மாதிரி மூச்சை இழுத்து விடு.” எல்லாப் பிள்ளைகளும் புஸ் புஸ்ஸென்று ஊதினார்கள். தண்ணீரைக் கொட்டியவளும் ஊதினாள். ஒரு கேள்விகூட அவளைப் பார்த்துப் போகவில்லை. கேட்டதெல்லாம் குடித்தவளிடம்தான். நீ என்ன நினைக்கிறாய், நீ எப்படி அமைதியாவாய், நீ எப்படி மன்னிப்பாய்.

முன்வரிசையில் இருந்த ஒன்றாம் வகுப்பு வாண்டு எழுந்து, “மேடம், குடைய யாரு தைச்சுக் குடுத்தா?” என்றது.

“அது முக்கியமில்லடா செல்லம்.”

என் பிழைப்பே தையல். கிழிந்ததைத் தைக்க வேண்டும் என்பது முக்கியமில்லையாம்!

நான் எழுந்திருக்கும் முன் மேடம் இரண்டு பிள்ளைகளையும் இழுத்து முன்னால் நிறுத்தி, அவளே விரல்களைப் பிடித்துப் பழம் சேர்த்துவைத்து, “சிரிங்க, சிரிங்க” என்று போனில் வீடியோ எடுத்துவிட்டாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். அன்றைக்கு இருட்டும் முன்னே எல்லார் போனிலும் அது ஓடியது. மேலே பூப் படம், கீழே ‘மன்னிப்பின் மகிழ்ச்சி’.

மறுநாள் குடித்தவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், கூடத்துக்கு மட்டும் வரவில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. “வராட்டா விடு” என்றார்கள். என்னால் விட முடியவில்லை. கதை என்றால் உயிரை விடுகிற பிள்ளை அது. அதற்குக் கதையே இல்லாமல் போய்விட்டது, அதுவும் ஒரு கதையால்.

வாய்க்காலைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற வேலை. அப்போதுதான் பஸ் இறங்கி வந்திருந்தாள். நாற்காலியை எடுத்துப் போட்டாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நின்றாள்.

“குடிக்கீயளாக்கா? இல்ல, கொட்டிருவீயளா?”

வாங்கிக் குடித்தேன்.

“குடிச்சிட்டீய. நாங்க கை தட்டணுமா?”

“தட்ட வேண்டாம்மா. நீ ஏசத்தான் செய்வேன்னு தெரிஞ்சுதான் வந்தேன். ஏசு.”

அவள் ஏசவில்லை. போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டாள். “எம் புள்ள மூஞ்சியப் பாத்தீயளா? சிரிக்கச் சொல்லுதாவ, சிரிக்குது. எங்க கடைல மொதலாளி ஏசுனாலும் நாங்க இப்படித்தான்க்கா சிரிப்போம். வேலைக்குப் போயிக் கத்துக்கிடுத சிரிப்ப அஞ்சாப்புலயே படிச்சுக் குடுத்துட்டீய. நல்ல படிப்பு.”

பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஏளா, அந்தப் பழம்…” என்று ஆரம்பித்தேன்.

“அது செல்லாதுக்கா” என்றாள். “நான் விடல. அவுக புடிச்சு விட்டது.”

“செல்லாதுதான். உன் காய் காய்தான். உன்னைப் பழம் விடச் சொல்ல நான் வரல. கதைக்கு வா. அது உனக்கும் உண்டு.”

“வீடியோ எடுப்பாவளா?”

“எடுக்க விடமாட்டேன்.”



அங்கிருந்து நேரே மைனி வீட்டுக்குப் போனேன். கோபம் ஆறிப்போய்ப் போகக் கூடாது என்றே வேகமாக நடந்தேன். மைனி கோழியை அடைத்துக்கொண்டிருந்தாள். பாட்டில் விஷயத்தை எடுத்தேன்.

“ஏட்டி, சின்னப்பிள்ளையள் தண்ணிச் சண்டையைப் போயி ஊர்ச் சண்டை ஆக்கப் பாக்கியாக்கும்?”

“சின்னப்பிள்ளைக்கு மண்ணப் போட்டுத் தேய்க்கணும்னு யாரு மைனி சொல்லிக் குடுத்தா? அதுவா எங்கனயும் புத்தகத்துல படிச்சுதா?”

“வாய் நீளுது ஒனக்கு. நாலு படக்கதை வாசிச்சுட்டா நீ டீச்சரா? நாளைக்கு ஒன் வீட்டு விசேசத்துக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்துதான் சபைக்கு ஆள் வரும், பாத்துக்கோ.”

“வந்தா பந்தியில உக்கார வச்சு சோறு போடுதேன்.”

“மூதி! எந்தம்பி தலையெழுத்து!” என்று கோழிக்கூட்டின் கதவைப் படாரென்று சாத்தினாள். அன்றோடு அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். எங்கள் தெருவிலிருந்து சில பிள்ளைகளும் கூடத்துக்கு வராமல் நின்றார்கள். ஆனால் மைனியின் மகள் வந்தாள். எப்படி வந்தாள், வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

மேடத்துக்குப் போன் செய்து வீடியோவை அழிக்கச் சொன்னேன். “ஏன்க்கா? எவ்வளவு நல்ல ரெஸ்பான்ஸ் தெரியுமா?” என்றாள். நடந்ததற்குப் பேர் கோபம் இல்லை, தீண்டாமை என்றேன். அவள் மெதுவாக, “அக்கா, நாம சாதியைப் பத்திப் பேசப் போகல. உணர்வுகளைப் பத்திப் பேசத்தான் போறோம்” என்றாள்.

அடிக்கிறவன் கையைப் பற்றிப் பேச மாட்டார்கள். அடிபட்டவன் கன்னம் எரிவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது என்று மட்டும் படம் போட்டுச் சொல்லித்தருவார்கள். இதற்கு ஒரு புத்தகம், ஓர் அட்டை, ஒரு பயிற்சி, மதியம் சாப்பாடு. “அழிக்காட்டா உங்க புத்தகப் பெட்டியத் தூக்கிட்டு டவுன் பஸ்ல ஏறி உங்க ஆபீஸ் வாசல்ல வந்து உக்காந்துருவேன்” என்றேன். அழித்தாள். யார் யார் போனில் இன்னும் கிடக்கிறதோ, யார் கண்டார்கள்.

குடித்தவள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். பழைய இடத்தில் உட்காரவில்லை, எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். நான் வேண்டுமென்றே அதே கழுதைக்குட்டியை எடுத்து வாசித்தேன். கேள்வித்தாளை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்: “ஆட்டுக்குட்டி இப்ப என்ன செய்யணும்?”

“தைச்சுக் குடுக்கணும்!” “புதுக்குடை வாங்கணும்!” “எதுக்குக் கிழிச்சேன்னு சொல்லணும்க்கா.” “எல்லார் முன்னாலயும் கிழிச்சிருந்தா எல்லார் முன்னாலயும் சொல்லணும்.” கூடமே இரைந்தது. கழுதைக்குட்டி மூச்சு விட வேண்டும் என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை.

இரைச்சல் அடங்கியபோது கொட்டியவள் எழுந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நடுவில் இருந்த பிள்ளையிடம் சொன்னாள்: “அவகிட்டச் சொல்லுட்டி. குடின்னு சொன்னதும் நான்தான், கொட்டுனதும் நான்தான். எங்கம்மைக்குப் பயந்துட்டேன். பழம் கேக்கேன்னு சொல்லு.”

நடுவில் இருந்தவள் திரும்பி அதை அப்படியே ஒப்பித்தாள்.

எதிர்ச் சுவரோரத்திலிருந்து பதில் வந்தது. “இப்ப தர முடியாதுன்னு சொல்லு.”

கொட்டியவள் உட்கார்ந்தாள். அழுதாள். என் வீட்டுப் பிள்ளைதானே அவளும். ஆனால் நான் குறுக்கே போகவில்லை. அடுத்த புத்தகத்தை எடுத்தேன்.

மாதம் பிறந்ததும் மேடம் வந்தாள், கையில் மிட்டாய்ப் பொட்டலமும் புதுப் புத்தகமுமாக. இரண்டு பிள்ளைகளும் இரண்டு மூலையில் இருப்பதைப் பார்த்து முகம் வாடினாள். “இன்னுமா பேசிக்கல? இன்னொரு தடவை சேத்து வச்சிரலாமாக்கா?” என்றபடி கையைப் பைக்குள் விட்டாள்.

“போனை வெளிய எடுக்காதீங்க மேடம்” என்றேன்.

அவள் என்னை விட்டுவிட்டுச் சுவரோரம் போய்க் குனிந்து, “என்னடா கண்ணு, இன்னும் கோவம் போகலையா?” என்றாள்.

பிள்ளை அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். அவள் எழுந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, கூடத்துக்கே கேட்கும்படி சொன்னாள்:

“மேடம், அவ உங்களுக்கும் காயாம்.”