சட்டைப் பையில் பியூஸ் கட்டை

காரைக்காலில் ஒருவன் கீழே விழுந்து கிடந்தால் முதலில் அவன் வாயைத்தான் முகர்ந்து பார்ப்பார்கள். மாரடைப்பா, மயக்கமா என்பதெல்லாம் அப்புறம். சுனாமிக்கு முந்தின வருஷம், விழிதியூரில் நீலமேகம் வீட்டுக் கூடத்தில் கரண்ட் அடித்து வயர்மேன் சிவபாலன் ஸ்டூலோடு சாய்ந்தபோதும் அதுதான் நடந்தது. அன்று அவன் டீயைத் தவிர எதையும் குடிக்கவில்லை. ஆனால் முகர்ந்து பார்த்த யாரும் வெளியே போய் அதைச் சொல்லவில்லை.

சிவபாலனுக்கு ஒரு பழக்கம். மெயின் போர்டில் பியூஸ் கட்டையைப் பிடுங்கினால் அங்கேயே வைக்க மாட்டான், சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். ஃபேன் ஓடவில்லையே என்று யாராவது எடுத்து மாட்டிவிட்டால் மேலே நிற்பவன் கதி என்ன? பை கனத்தால் உயிர் பத்திரம், அவ்வளவுதான். அன்றும் பிடுங்கிப் பையில் போட்டதாகத்தான் அவனுக்கு ஞாபகம். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது நீலமேகம் பக்கத்தில் நின்று, "கட்டை போர்டுலயே மாட்டித்தான் இருந்துச்சுப்பா. நானே கண்ணால பாத்தேன்" என்றார். நீலமேகம் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதனால்தான் அது அப்படி வலித்தது.

வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. அது போனால் போகிறது. தன் ஞாபகத்தின் மேலேயே நம்பிக்கை போனதுதான் அவனை அரித்தது. வீட்டைப் பூட்டித் தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டோமா என்று டீக்கடையிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பான். கை தன்னால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும், அதில் ஒரு பீடிகூட இருக்காது. "பூட்டியாச்சு, நான் பாத்தேன், கெளம்புங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அவன் மனைவி தமிழரசி, கடைசியில் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். வயரிங் வேலைக்கு யாரும் அவனைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டான். கடைத்தெருவில் நாகூர் மீரான் கடையில் உட்கார்ந்து, எரிந்துபோன ஃபேன்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டினான். மேஜைமேல் கிடக்கிற ஃபேன் யாரையும் தூக்கி அடிக்காது.

ஆறு வருஷம் இப்படிப் போனது. அந்த வெயில் காலத்தில் நீலமேகம் வீட்டுக்குப் பின்மனையில் செல்போன் டவர் ஒன்று எழுந்தது. அவருடைய மகள் சிவப்ரியா இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வந்ததிலிருந்து தலைவலி, தூக்கமே இல்லை. அவள் அம்மா சொர்ணாம்பாள் கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் டவருக்கு ஒரு சாபம் விட்டுவிட்டு வந்தாள். யாரோ சொல்லி, கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் வினோதினியை, மின்காந்தப் புலம் அளக்கிற மீட்டர்களோடு வரவழைத்தார்கள். மெயினைப் போட்டு ஒரு தடவை, எடுத்து ஒரு தடவை அளக்க வேண்டும், கரண்ட் தெரிந்த ஆள் கூட வேண்டும் என்று அவள் மீரான் பாயிடம் கேட்க, பாய் சிவபாலனைக் கை காட்டினார்.

எந்த வீடு என்பது அவளுடைய ஸ்கூட்டரில் ஏறின பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. குதித்து ஓடிவிடலாம்தான். ஒரு பெண் ஓட்டுகிற வண்டியிலிருந்து குதித்தால் ஊர் அதற்கும் ஒரு கதை கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வாசலில் அவனைப் பார்த்ததும் சொர்ணாம்பாளின் முகம் வெளுத்தது. "வா தம்பி" என்றாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தவள், அதை வாங்கின விரல்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மொட்டைமாடியில் டவருக்கு நேரே நின்று அளந்தபோது மீட்டர் பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. சொர்ணாம்பாளுக்கு அது ஏமாற்றம்தான். கூடத்துக்கு வந்து, வீட்டுக் கரண்டுக்கான மீட்டரை எடுத்து, சிவப்ரியாவின் கட்டில் ஒட்டிக் கிடந்த சுவரருகே வினோதினி நீட்டியதும் எண் மடமடவென்று ஏறியது. சுவருக்கு அந்தப்புறம் நீலமேகத்தின் தம்பி வீடு. ஒரே வீட்டைப் பாகம் பிரித்தபோது நடுவில் எழுப்பிய சுவர் அது.

"அண்ணே, மெயினை எடுங்க" என்றாள்.

சிவபாலன் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டான். தொட்டுப் பார்த்தான். மறுபடியும் தொட்டுப் பார்த்தான். தலைக்கு மேலே ஃபேன் நின்றது. மீட்டர் மட்டும் இறங்கவில்லை.

"எடுத்துட்டீங்களாண்ணே?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆறு வருஷமாகத் தன்னையே அவன் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. கட்டையை வெளியே எடுத்து அவள் முன்னால் நீட்டினான்.

"அப்ப இது இந்த வீட்டுக் கரண்டே இல்ல" என்றாள் வினோதினி. "போற கம்பியும் வர்ற கம்பியும் ஒட்டிப் போனா ஒண்ணை ஒண்ணு கழிச்சுடும், மீட்டர்ல அவ்வளவா தெரியாது. இங்க ஏதோ ஒரு கம்பி மட்டும் தனியா கரண்டைச் சுமக்குது."

அவள் சொல்லி முடிக்கும்போது, அந்தப்புறம் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டார் நின்றது. மீட்டரில் எண் சட்டென்று விழுந்தது. சிவபாலன் மீட்டரை எட்டிப் பார்த்தான். பிறகு, "மோட்டாரை மறுபடி போடச் சொல்லுங்க" என்றான். போட்டார்கள். எண் ஏறியது.

தம்பி வீட்டு மோட்டாருக்குக் கரண்ட் அவர்கள் போர்டிலிருந்து போகிறது. திரும்பி வருவதோ இந்த வீட்டு நியூட்ரல் கம்பி வழியாக. பாகம் பிரித்தவர்கள் கொல்லையில் நின்ற தென்னை மரம்வரை எண்ணிப் பிரித்தார்கள், சுவருக்குள் இருந்த கம்பியை மறந்துவிட்டார்கள். இங்கே கட்டையைப் பிடுங்கினாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். டெஸ்டர் வைத்தால் எரியாது. ஆனால் அங்கே மோட்டார் ஓடும்போது இங்கே இணைப்பைப் பிரித்துக் கையில் பிடித்தவனை அது விடாது.

"அன்னைக்கு நான் கட்டையைப் பிடுங்கியிருந்தாலும் அடிச்சிருக்கும்" என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"அடிச்சிருக்கலாம்ப்பா. ஆனா கட்டை மாட்டித்தானே இருந்துச்சு. நான் பாத்தேனே" என்றார் நீலமேகம். அவர் குத்திக்காட்டவில்லை, பார்த்ததைச் சொன்னார். பாதி தூரம் வந்த நிம்மதி அங்கேயே நின்றுவிட்டது. சிவபாலனின் கை மறுபடி பைக்குப் போனது.

"நீங்க பாத்தது நான் மாட்டுனதை" என்றாள் சொர்ணாம்பாள், சமையற்கட்டு நிலையைப் பிடித்தபடி.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தம்பியைத் தூக்கும்போது பையிலேருந்து விழுந்துச்சு. அன்னைக்குத்தான் பிரியாவுக்கு நிச்சயம். சம்பந்தி வீட்டுக்காரங்க வர்ற நேரம், வீடு இருட்டிக் கெடக்கு. எடுத்து மாட்டிட்டேன். அப்புறம் வந்து பாத்துட்டு இவரு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. கட்டையை எடுத்தும் இந்த வீடு ஆளை அடிச்சுதுன்னா சகுனம் சரியில்லம்பாங்க, கல்யாணம் நின்னுடும்னு பயந்து வாயை மூடிக்கிட்டேன். தம்பியோட கவனக்குறைவுன்னா யாருக்கும் ஒண்ணும் இல்லைன்னு..."

"எனக்குமா ஒண்ணும் இல்லக்கா?"

கட்டிலில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த சிவப்ரியா அம்மாவையே வெறித்துப் பார்த்தாள். சிவபாலனுக்குக் கோபம் பொங்கியது. இரண்டு விரலுக்காகக் கூட இல்லை, தெருமுனையிலிருந்து திரும்பி வந்த அத்தனை நடைக்காகவும். அதோடு சேர்ந்து, அழுதுவிடலாம் போல ஒரு நிம்மதியும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"வேற ஆளைக் கூப்பிட்டுச் சரிபண்ணிக்கலாம்ணே" என்றாள் வினோதினி மெதுவாக.

"வேணாம்மா. இது எந்த இணைப்புன்னு எனக்குத்தான் தெரியும்."

தம்பி வீட்டுக்குப் போய் அவர்கள் கட்டையையும் பிடுங்கிக்கொண்டு வந்தான். கூடத்தில் ஸ்டூலைப் போட்டான். ஏறவில்லை. நேரே சொர்ணாம்பாளிடம் போய், சட்டைப் பையை இரண்டு விரலால் விரித்துக் காட்டினான்.

"பாருங்கக்கா. என்னா இருக்கு?"

"கட்டை" என்றாள் அவள், கேட்டும் கேட்காத குரலில்.

"எத்தனை? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

"ரெண்டு. ரெண்டு கட்டையும் தம்பி பையிலதான் இருக்கு" என்று சொன்னவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சிவபாலன் ஸ்டூலில் ஏறினான். இணைப்பைத் திறந்து, பழைய டேப்பைப் பிரித்து, கம்பிகளைத் தனித்தனியாக இழுத்து வைத்தான். வேலை முடிந்து இறங்கும்வரை ஒரு தடவைகூட அவன் பையைத் தொட்டுப் பார்க்கவில்லை.